மணி வளைவு எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: "புள்ளியியல் முதலாண்டுப் பாடத்தில் இயல்நிலைப் பரவல் வந்திருக்கிறது. கணக்கு போட வருகிறது. இசட் மதிப்பைக் கண்டுபிடித்து அட்டவணையைப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது. ஆனால் அந்த வளைவு ஏன் அப்படி இருக்கிறது, சூத்திரத்தில் பை ஏன் வருகிறது, வளைவின் உயரம் எதைக் குறிக்கிறது, எந்தத் தரவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று எதுவுமே புரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?"

புரியாததற்குப் பெரிய காரணம் பாடப்புத்தகம் வைத்திருக்கும் வரிசை என்று நினைக்கிறேன். முதல் பக்கத்திலேயே சூத்திரம் வந்துவிடும், அடுத்து பண்புகள், அடுத்து அட்டவணை. மணி வடிவில் இருக்கும் அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்ற கதை மட்டும் பல பக்கம் தள்ளி, மைய எல்லைத் தேற்றம் என்ற பெயரில் வரும். அதற்குள் தேர்வு வந்துவிடும். நான் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். (இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு: இயல்நிலைப் பரவல் என்று நான் எழுதுவதும் உங்கள் செவ்வன் பரம்பலும் ஒன்றே. திட்ட விலக்கம், அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு, உங்கள் நியம விலகல்.)

ஒரு பகடையை உருட்டுங்கள். 1 முதல் 6 வரை எதுவும் சம வாய்ப்போடு விழும். படமாக வரைந்தால் ஆறு தூண்களும் ஒரே உயரம், மேசைப் பலகை மாதிரி தட்டை. மணியின் சாயலே இல்லை.

இப்போது இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்ததைக் கூட்டுங்கள். மொத்தம் 36 வழிகள். கூட்டுத்தொகை 2 வருவதற்கு ஒரே ஒரு வழி, இரண்டிலும் 1 விழ வேண்டும். 7 வருவதற்கோ ஆறு வழி: 1-6, 2-5, 3-4, 4-3, 5-2, 6-1. தூண்களை வரைந்தால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் கூரை கிடைக்கும்.

மூன்று பகடைகள் என்றால் 216 வழிகள். கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை போகும். ஒவ்வொரு கூட்டுத்தொகையும் எத்தனை வழிகளில் வரும் என்று பொறுமையாக எண்ணினால் இப்படி வரும்: 1, 3, 6, 10, 15, 21, 25, 27, 27, 25, 21, 15, 10, 6, 3, 1. இந்தப் பதினாறு எண்களையும் ஒரு தாளில் தூண்களாக வரைந்து பாருங்கள், தயவுசெய்து உங்கள் கையால் வரையுங்கள். கூரையின் நேர்கோடுகள் வளைந்துவிட்டன, உச்சி உருண்டுவிட்டது, ஓரங்கள் மெல்லிதாகத் தரையோடு படிந்துவிட்டன. மூன்றே பகடைகளில் மணி வந்துவிட்டது.

வெறும் தோற்றம்தானே என்று நினைக்க வேண்டாம். மூன்று பகடைக் கூட்டுத்தொகையின் சராசரி 10.5, திட்ட விலக்கம் சுமார் 2.96. இந்த இரண்டு எண்களை மட்டும் இயல்நிலைச் சூத்திரத்தில் போட்டு, விடையை 216-ஆல் பெருக்கினேன். முதல் எட்டுத் தூண்களுக்குச் சூத்திரம் தருவது 1.2, 2.6, 5.2, 9.2, 14.5, 20.4, 25.6, 28.7. நாம் எண்ணியது 1, 3, 6, 10, 15, 21, 25, 27. பகடை என்றால் என்னவென்றே அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. ஆனாலும் இவ்வளவு நெருங்கி வருகிறது. பத்துப் பகடை, இருபது பகடை என்று போனால் வரைந்த கோட்டையும் தூண்களின் தலைகளையும் கண்ணால் பிரிப்பதே கஷ்டம்.

ஏன் இப்படி ஆகிறது? ஓர ஓரத்துக்குப் போக எல்லாப் பகடைகளும் ஒரே பக்கம் சாய வேண்டும், அதற்கு வழிகள் மிகக் குறைவு. நடுவுக்கு வருவது சுலபம். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து ஈடுகட்டும், அதற்கு எத்தனையோ வழிகள். நடுவில் கூட்டம் சேர்வதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். ஏதோ ஒரு சக்தி மதிப்புகளை நடுவுக்கு இழுக்கிறது என்பதெல்லாம் கிடையாது.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஒன்றையொன்று சாராத பல சின்னக் காரணங்கள் கூடி ஓர் அளவை உண்டாக்கினால், எந்த ஒரு காரணமும் மற்றவற்றை அமுக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லையென்றால், அந்த அளவு மணி வளைவை ஒட்டிப் பரவும். தனித்தனிக் காரணம் ஒவ்வொன்றும் எந்த வடிவத்தில் பரவியிருந்தது என்பது கூட்டலில் கரைந்துபோகும். மிஞ்சுவது சராசரியும் திட்ட விலக்கமும் மட்டுமே. சூத்திரத்தில் அந்த இரண்டும் மட்டுமே கேட்கப்படுவது அதனால்தான். மைய எல்லைத் தேற்றம் சொல்வதும் இதையே.

வரலாறும் இதே வழியில்தான் வந்தது. 1733-இல் ஆபிரகாம் டி மாவர் என்ற கணிதவியலாளர் நாணயச் சுண்டல் மாதிரியான கணக்குகளுக்கு, அதாவது ஈருறுப்புப் பரவலுக்கு, சுருக்கு வழி தேடினார். நூற்றுக்கணக்கான சுண்டல்களுக்கு வழிகளை எண்ணிக் கூட்டுவது கையால் ஆகாத வேலை. அந்தத் தூண்களின் தலையை ஒட்டிப் போகும் ஒரு கோட்டைத் தேடியபோது கிடைத்தது இந்த வளைவு. அப்புறம் வந்தவர் கணிதவியலாளர் காஸ். 1801 ஜனவரி 1 அன்று வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ் என்ற குறுங்கோள் சில வாரங்களில் சூரியனின் பின்னே மறைந்துவிட்டது. கையில் இருந்த கொஞ்ச அளவீடுகளை வைத்து அதன் பாதையைக் காஸ் கணக்கிட்டுச் சொல்ல, அந்த ஆண்டு டிசம்பரில் அது திரும்பக் கிடைத்தது. அளவீட்டுப் பிழைகளைப் பற்றி 1809-இல் எழுதும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: பல முறை அளந்தால் சராசரிதான் சிறந்த மதிப்பு என்று நாம் நம்புகிறோமே, அது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் பிழைகள் எந்த வடிவத்தில் பரவியிருக்க வேண்டும்? விடையாக வந்தது டி மாவரின் அதே வளைவு. அடுத்த ஆண்டே, 1810-இல், பல பிழைகளின் கூட்டல் ஏன் இந்த வளைவுக்குப் போகிறது என்பதை லாப்லாஸ் காட்டிவிட்டார்.

சரி, இனி சூத்திரம். அதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள், உள்ளிருந்து வெளியே வாருங்கள். முதலில், நாம் பார்க்கும் மதிப்பு சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கழிக்கிறோம். அதைத் திட்ட விலக்கத்தால் வகுக்கிறோம். இதுவரை கிடைத்தது இசட். அதை வர்க்கப்படுத்துகிறோம், அதனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகிவிடும். பாதியாக்கி, எதிர்க்குறி போட்டு, 2.718 என்று தொடங்கும் ஈ என்ற எண்ணின் அடுக்கில் வைக்கிறோம். வடிவம் முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது. முன்னால் நிற்கும் பின்னம் மொத்தப் பரப்பை 1 ஆக்குவதற்காக மட்டும் போடப்பட்டது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் வடிவம் கைக்குப் பிடிபடும். உச்சியின் உயரத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்ட விலக்கம் தள்ளிப் போனால் உயரம் 0.607. இரண்டு தள்ளினால் 0.135. மூன்று தள்ளினால் 0.011. நான்கு தள்ளினால் 0.0003 சொச்சம். அடுத்தடுத்த இறக்கங்களைக் கவனியுங்கள்: முதல் அடியில் உயரம் 61 சதவீதமாகக் குறைகிறது. அடுத்த அடியில் இருந்ததில் 22 சதவீதம்தான் மிஞ்சுகிறது, அதற்கடுத்த அடியில் 8 சதவீதம், அதற்கும் அடுத்து 3 சதவீதம். ஒவ்வொரு அடியிலும் முன்னைவிடக் கடுமையாக வெட்டுகிறது. இயல்நிலைப் பரவலில் மிகத் தொலைவான மதிப்புகள் கிட்டத்தட்ட வரவே வராது என்பதற்கு அடுக்கில் இருக்கும் அந்த வர்க்கம்தான் காரணம்.

இன்னொரு அழகான விஷயம். வளைவு எந்த இடத்தில் மிகச் செங்குத்தாக இறங்குகிறது என்று தேடினால், அது சராசரியிலிருந்து சரியாக ஒரு திட்ட விலக்கத் தூரத்தில் இருக்கும். அதுவரை கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்த கோடு, அதற்குப் பிறகு மறுபக்கமாக வளைந்து தரையை நோக்கிப் போகிறது. ஆக, யாராவது மணி வளைவை வரைந்து காட்டினால், வளைவு திசை மாறும் இடத்தில் விரலை வைத்து "திட்ட விலக்கம் இதுதான்" என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்குத் திட்ட விலக்கம் என்பது வெறும் கணக்கு விடை என்ற நினைப்பு மாறியது.

பை ஏன் வருகிறது? இது நல்ல கேள்வி, பல வகுப்புகளில் பதில் சொல்லாமலே கடந்துவிடுவார்கள். வட்டம் எங்கேயும் இல்லையே என்று தோன்றும். இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. ஒரு புள்ளியைக் குறிபார்த்து எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் வலமாக ஒரு பிழை, மேல் கீழாக ஒரு பிழை. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை, இரண்டும் ஒரே அளவு இயல்நிலை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் விழும் வாய்ப்பைப் பெற இரண்டு உயரங்களையும் பெருக்க வேண்டும். அடுக்குகளைப் பெருக்கினால் மேலே இருப்பவை கூடும், இரண்டு வர்க்கங்களின் கூட்டல் வரும். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்றால் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம், பித்தாகரஸ் சொன்னதுதான். அப்படியென்றால் வாய்ப்பு எந்தத் திசை என்பதைப் பார்க்காது, தூரத்தை மட்டும் பார்க்கும். சம வாய்ப்புள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் வட்டங்கள் கிடைக்கும். அந்த இருபரிமாண மணியின் கனஅளவைக் கணக்கிட்டால் 2 பை வரும். ஒரு பரிமாணத்துக்குத் திரும்பும்போது அதன் வர்க்கமூலம் மிஞ்சும். சூத்திரத்தின் கீழே நிற்கும் வர்க்கமூலம் இதுதான்.

அடுத்தது உயரம். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். பகடைப் படத்தில் தூணின் உயரம் நேரடியாக வாய்ப்பைச் சொன்னது. தொடர்ச்சியான அளவுக்கு அது பொருந்தாது. ஒரு குழுவில் உள்ள வயதுவந்த பெண்களின் உயரம் சராசரி 165 செ.மீ., திட்ட விலக்கம் 6 செ.மீ. கொண்ட இயல்நிலைப் பரவல் என்று வைப்போம். ஒருவரின் உயரம் துல்லியமாக 165.000000... என்று முடிவில்லாமல் பூஜ்யங்களோடு இருக்க வாய்ப்பு என்ன? பூஜ்யம். தசமத்துக்குப் பின் ஏதோ ஓர் இடத்தில் வேறு எண் வந்தே தீரும். அப்படியென்றால் 165-இல் வளைவு உச்சியில் நிற்கிறதே, அந்த உயரம் எதைச் சொல்கிறது?

அது அடர்த்தியைச் சொல்கிறது: அந்த இடத்தைச் சுற்றி ஒரு செ.மீ. அகலத்துக்கு எவ்வளவு வாய்ப்பு குவிந்திருக்கிறது என்பதை. உச்சியின் உயரம் எப்போதும் 0.3989-ஐத் திட்ட விலக்கத்தால் வகுத்தது. இங்கே 0.3989 வகுத்தல் 6, அதாவது 0.0665. இதன் பொருள்: 164.5-க்கும் 165.5-க்கும் இடையில், அந்த ஒரு செ.மீ. அகலத்துக்குள், ஏறக்குறைய 6.6 சதவீதம் பேர். அகலத்தால் பெருக்கினால்தான் வாய்ப்பு.

இதே உயரங்களை மீட்டரில் எழுதுங்கள். சராசரி 1.65, திட்ட விலக்கம் 0.06. உச்சி இப்போது 0.3989 வகுத்தல் 0.06, அதாவது 6.65. வாய்ப்பு என்று நினைத்தால் 1-ஐத் தாண்டிவிட்டதே என்று பதற்றம் வரும். ஆட்கள் மாறவில்லை, உயரம் மாறவில்லை, அலகு மட்டும்தான் மாறியது. முன்பு "ஒரு செ.மீட்டருக்கு", இப்போது "ஒரு மீட்டருக்கு". ஒரு செ.மீ. அகலம் இப்போது 0.01 மீட்டர், 6.65-ஐ அதால் பெருக்கினால் பழைய 0.0665 அப்படியே வரும். அடர்த்தி 1-ஐத் தாண்டலாம், பரப்பு தாண்டக் கூடாது. இயல்நிலைப் பரவலில் எந்தக் கேள்வியும் கடைசியில் "எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை உள்ள பரப்பு?" என்ற கேள்விதான்.

இந்தப் பரப்பைக் கண்டுபிடிக்கத் தொகையீடு செய்ய வேண்டும். இங்கே ஒரு தடை. இந்தச் சார்பின் தொகையீட்டை நாம் பள்ளியில் படித்த சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. முயன்றவர்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைக்காதீர்கள், அப்படி எழுத முடியாது என்றே நிறுவியிருக்கிறார்கள். எண்களாகக் கணக்கிட்டு அட்டவணை போட்டு வைத்ததற்கு இதுதான் காரணம். ஆனால் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்குக்குக் கணக்கு மாறுமே, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணையா? தேவையில்லை. எல்லா இயல்நிலைப் பரவலும் ஒரே வளைவுதான், நகர்த்தி இழுத்தது மட்டும்தான் வித்தியாசம். இசட் என்பது அந்த நகர்த்தலையும் இழுத்தலையும் நீக்கிவிட்டு, "சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி?" என்று அளக்கும் அளவுகோல்.

மேலே உள்ள உயரத்தையே எடுத்துக்கொள்வோம். 174 செ.மீ.க்கு மேல் எத்தனை பேர்? 174 கழித்தல் 165, 9. அதை 6-ஆல் வகுத்தால் 1.5. அட்டவணையில் 1.5-க்கு நேரே 0.9332, அதாவது அதற்கு இடப்பக்கம் உள்ள பரப்பு. நமக்கு வேண்டியது வலப்பக்கம். 1-இலிருந்து கழித்தால் 0.0668. நூற்றுக்கு ஏழு பேர் கூட இல்லை. 159-க்கும் 168-க்கும் இடையில்? இசட் மதிப்புகள் -1, 0.5. பரப்புகள் 0.1587, 0.6915. கழித்தால் 0.5328. தலைகீழாகவும் கேட்பார்கள்: மிக உயரமான 10 சதவீதம் பேர் எந்த உயரத்துக்கு மேல்? அட்டவணையின் உட்பகுதியில் 0.90-ஐத் தேடினால் இசட் 1.28. அதை 6-ஆல் பெருக்கி 165-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 172.7 செ.மீ.

ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வளைவை வரைந்து, வேண்டிய பகுதியை நிழலிடுங்கள். பத்து வினாடி வேலை. விடை அரைக்கு மேல் வருமா கீழ் வருமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், பாதிப் பிழைகள் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு எச்சரிக்கை: அட்டவணைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று இடக்கோடியிலிருந்து பரப்பைச் சொல்லும், அதில் இசட் 1-க்கு 0.8413. மற்றொன்று நடுவிலிருந்து மட்டும் சொல்லும், அதில் அதே இசட் 1-க்கு 0.3413. வித்தியாசம் சரியாக 0.5. எந்த அட்டவணை கையில் கிடைத்தாலும் முதலில் இசட் 0-க்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 0.5 என்றால் முதல் வகை, 0 என்றால் இரண்டாம் வகை.

68, 95, 99.7 என்று மனப்பாடம் செய்தீர்களே, அவையும் இதே அட்டவணையிலிருந்து வந்தவைதான். தனி விதி என்று எதுவும் இல்லை. துல்லியமாக 68.27, 95.45, 99.73. சரியாக 95 சதவீதம் வேண்டுமென்றால் 1.96 திட்ட விலக்கம், பிற்பாடு நம்பிக்கை இடைவெளியில் வந்து நிற்கும் எண் அதுதான். இன்னும் தள்ளிப் போனால், ஐந்து திட்ட விலக்கத்துக்கு வலப்பக்கம் மிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் துகளைப் பற்றி அறிவித்தபோது "ஐந்து சிக்மா" என்று செய்திகளில் அடிபட்டது இந்த எண்தான் (சிக்மா என்பது திட்ட விலக்கத்தின் குறியீடு).

இயல்நிலையைத் தோராயத்துக்குப் பயன்படுத்தும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாடத்தில் "தொடர்ச்சித் திருத்தம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அதன் அருமை தெரியாமலே போய்விடும். நாணயத்தை 100 முறை சுண்டுகிறோம். தலை விழும் எண்ணிக்கையின் சராசரி 50, திட்ட விலக்கம் 5. தலை 45 முதல் 55 வரை விழ வாய்ப்பு என்ன? இசட் -1 முதல் 1 வரை, ஆகவே 0.6827 என்று எழுதிவிடத் தோன்றும். வழிகளை எண்ணிப் பார்த்த சரியான விடை 0.7287. நாலரை சதவீதம் எங்கே போனது?

தூண்களை நினைத்துப் பாருங்கள். 45 என்ற தூணுக்கு ஓர் அகலம் உண்டு, அது 44.5-இல் தொடங்கி 45.5-இல் முடிகிறது. நாம் 45-இலிருந்து பரப்பை அளந்தபோது அந்தத் தூணைப் பாதியாக வெட்டிவிட்டோம். மறுபக்கம் 55-ஐயும் அப்படியே. வெட்டாமல் 44.5 முதல் 55.5 வரை அளந்தால் இசட் -1.1 முதல் 1.1 வரை, பரப்பு 0.7287. நான்கு தசம இடம் வரை சரியான விடையே வந்துவிட்டது! 1733-இல் டி மாவர் தேடிய சுருக்கு வழி எவ்வளவு வலுவானது என்பது இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

இனி கடைசிக் கேள்வி, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: எந்தத் தரவுக்கு இதைப் பயன்படுத்தலாம்? இங்கே பரவலாக ஒரு தவறான புரிதல் இருக்கிறது. "தரவு நிறைய இருந்தால் அது இயல்நிலை ஆகிவிடும், 30-க்கு மேல் போனால் போதும்" என்பார்கள். தவறு. ஒரே பகடையைப் பத்தாயிரம் முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் படமாக வரையுங்கள். அதே தட்டை மேசைதான் வரும். பத்து லட்சம் முறை உருட்டினாலும் மேசை இன்னும் சமமாகுமே தவிர மணியாகாது. தரவு சேரச் சேர, தரவின் சொந்த வடிவம்தான் தெளிவாகும்.

மணியாவது சராசரி. பகடையை 30 முறை உருட்டி ஒரு சராசரி எடுங்கள். மறுபடி 30 முறை, இன்னொரு சராசரி. இப்படிச் சேர்த்த சராசரிகளைப் படமாக வரைந்தால் 3.5-ஐச் சுற்றி அழகான மணி நிற்கும். அதன் அகலமும் முன்கூட்டியே தெரியும்: ஒரு பகடையின் திட்ட விலக்கம் 1.71, அதை 30-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.31. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சராசரிகள் 2.89-க்கும் 4.11-க்கும் இடையில் இருக்கும். சராசரி என்பது கூட்டி வகுத்தது, அதனால்தான் மணி வருகிறது. அந்த 30 என்பது கைக்கணக்குக்கு ஓர் அளவு, அவ்வளவே. பகடை மாதிரி சமச்சீரான தரவுக்கு 10, 12 கூடப் போதும். ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள தரவுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு தரவைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது: இது எப்படி உண்டானது? பல சிறு காரணங்கள் கூடி வந்ததா? ஒரே பொருளை மீண்டும் மீண்டும் அளக்கும்போது வரும் பிழை அப்படித்தான். ஒரே பாலினத்தைச் சேர்ந்த, ஒரே குழுவின் உயரமும் ஏறக்குறைய அப்படித்தான், பல மரபணுக்களும் வளர்ந்த சூழலும் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றன. ஆண்களையும் பெண்களையும் கலந்துவிட்டால் இரண்டு மணிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், அதை ஒரு மணியாக நினைக்கக் கூடாது. வருமானம், நிலநடுக்கங்கள் வெளிவிடும் ஆற்றல், நகரங்களின் மக்கள்தொகை போன்றவை மணியே அல்ல. பெரும்பாலானவை சிறியவை, ஆனால் சராசரியைவிடப் பல மடங்கு பெரிதானவையும் நிஜமாகவே வரும். அங்கே இயல்நிலையை வைத்து "இது கோடியில் ஒரு முறைதான் நடக்கும்" என்று கணக்குப் போட்டால், அது அடிக்கடி நடந்து நம்மைத் திணறடிக்கும்.

இயல்நிலை என்ற பெயரும் கொஞ்சம் தவறான எண்ணம் தருகிறது. அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான புள்ளியியலாளர் கார்ல் பியர்சனே 1920-இல் இதைச் சொல்லியிருக்கிறார்: இப்படிப் பெயர் வைத்ததால் மற்ற பரவல்களெல்லாம் ஏதோ இயல்புக்கு மாறானவை என்று ஆட்கள் நினைக்கிறார்கள் என்று.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு சேவைக்காகக் காத்திருக்கும் நேரத்தின் சராசரி 10 நிமிடம், திட்ட விலக்கம் 9 நிமிடம் என்று ஒரு கணக்கில் இருக்கிறது. அது இயல்நிலை என்றால், பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு பரப்பு விழும்? இசட் -1.11, அட்டவணையில் 0.1335. அதாவது 13 சதவீதம் பேர் பூஜ்யத்தைவிடக் குறைந்த நேரம் காத்திருந்தார்கள் என்று வளைவு சொல்கிறது, வருவதற்கு முன்பே அவர்கள் வேலை முடிந்துவிட்டதாம்! நடக்காத விஷயம். எதிர்மறையாக முடியாத ஓர் அளவில் திட்ட விலக்கம் சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், அது மணி இல்லை என்று அங்கேயே முடிவுகட்டலாம்.

அப்படிப்பட்ட தரவைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். அதில் பல, காரணங்கள் கூட்டாமல் பெருக்கியதால் உண்டானவை. ஒவ்வொரு காரணமும் இருந்ததை இத்தனை மடங்காக்கியது, இத்தனை சதவீதம் குறைத்தது என்று செயல்பட்டிருக்கும். அந்த எண்களுக்கு மடக்கை எடுத்துவிட்டு மறுபடி வரைந்து பாருங்கள். மடக்கையில் பெருக்கல் கூட்டலாகிவிடும், மூன்று பகடைகளில் பார்த்த அந்த மணி பல சமயம் திரும்ப வந்து நிற்கும்.